கொட்டையில்லாத முந்திரிகைக்குத் தாய் யார்?

கேள்வி: ஐயா, வவுனியாச் சந்தையில் ‘விதையில்லாதது’ என்று ஒரு கிலோ பச்சை முந்திரிகைப்பழம் (திராட்சை) வாங்கினேன். மகள் கடித்துவிட்டு, நடுவில் இருந்த மெல்லிய வெள்ளைத் துண்டை எடுத்துக் காட்டுகிறாள். ஏமாந்துவிட்டேனா? மருந்தடித்துத்தான் விதையை இல்லாமற் செய்கிறார்களாமே? விதையில்லாமல் புதுக்கொடி எப்படி வரும்?
– வாசகி, நெடுங்கேணி

பதில்: யாவாரியில் பிழையில்லை, பிள்ளை. நுங்கு தோண்டிக் குடித்திருப்பீர்கள்தானே? அதே காயை விட்டுவைத்தால் கத்தியும் மழுங்குகிற பனங்கொட்டையாகிவிடும். உங்கள் மகள் கண்டது, நுங்குப் பருவத்திலேயே நின்றுபோன ஒரு கொட்டை. பூவில் மகரந்தம் பட்டது, கருவும் கட்டியது. விதைத்தோல் மட்டும் இறுகவில்லை, கரு பாதியில் ஓய்ந்துவிட்டது. வாழைப்பழத்தின் கதை வேறு, அதில் கருக்கட்டாமலே பழம் பருக்கிறது. பாயசத்துக்குப் ‘பிளம்ஸ்’ என்று வாங்குகிறோமே, அந்தச் சுல்தானாவும் இந்தப் பாதியில் நின்ற கூட்டம்தான்.

முந்திரிகைக்கு 19 சோடி நிறமூர்த்தங்கள். 18ஆவதில் ஏஜிஎல்11 என்றொரு பரம்பரையலகு உண்டு. விதைத்தோல் கட்டுகிற வேலைக்கு அதுதான் மேசன். அது ஆக்கும் புரதத்தில் 197ஆம் இடத்தில் ஆர்ஜினீன் என்ற அமினோவமிலம் இருக்கவேண்டும். விதையில்லா இனங்களில் அங்கே லூசீன் வந்து குந்திக்கொண்டிருக்கிறது. 2018இல் ஸ்பானிய ஆய்வாளர்கள் கண்டுபிடித்த ஓரெழுத்துப் பிழை இது. இரண்டு பிரதிகளில் ஒன்று பிழைத்தாலே போதும், மற்றது நல்லதாயிருந்தும் பயனில்லை.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று. விதையில்லாக் கொடி தாயாக முடியாது, தகப்பனாகலாம். அதன் மகரந்தத்தை விதையுள்ள கொடியின் பூவில் தூவினால், பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிக்கு அந்தப் பிழை போய்ச்சேரும். ஆனாலும் வேறு பரம்பரையலகுகளும் கைவைப்பதால், ஒன்றில் துண்டு தெரியாது, இன்னொன்றில் பல்லில் கடிபடும். 1980களிலிருந்து, ஓய்ந்துபோக முன்னரே கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்கிறார்கள். அதனால் இப்போது தாயும் விதையில்லாததாக இருக்கலாம்.

மருந்து என்றீர்கள். சதையைப் பருக்கவைப்பதே விதைதான். அது இல்லாவிட்டால் பழம் சிறுத்துவிடும். அதற்காக ஜிபரெலின் என்ற தாவர வளர்ச்சி ஓமோனைத் தெளிப்பார்கள். நீங்கள் வாங்கிய பழத்தில் விதையை நிறுத்தியது அதுவல்ல. ஆனால் யப்பானில் டெலவெயர் என்ற விதையுள்ள இனத்தின் குலைகளைப் பூக்குமுன் அதே ஜிபரெலினில் தோய்த்து விதையில்லாமற் செய்கிறார்கள். ஆக, உங்கள் சந்தேகத்தில் கால்வாசி சரி.

புதுக்கொடி தடியிலிருந்துதான். விதையுள்ள இனத்துக்கும் அதே வழி, விதையில் முளைத்தது தாயைப்போல் இராது. யாழ்ப்பாணத்து மச்சான் வீட்டிலிருந்து மூன்று தடிகளை ஈரச்சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து முல்லியவளைக்குக் கொண்டுவந்தேன். இரண்டு காய்ந்துபோயின. மூன்றாவது கிணற்றடிப் பந்தலில் நிற்கிறது. அடுத்தமுறை கத்தரிக்கும்போது உங்கள் மகளுக்கு ஒரு தடி வெட்டித் தரலாம். விதையுள்ளது, துப்பித்தான் தின்னவேண்டும்.