வாசகர் கேள்வி – பதில்: காலடியில் பந்தி வஞ்சனை

கேள்வி: நான்கு நாற்காலிகள் கொண்ட சிறிய ரிஃப்ளெக்ஸாலஜி (பாதப் புள்ளிகளை அழுத்திவிடும் முறை) நிலையம் ஒன்றை நடத்தி வருகிறேன். சென்ற மாதம் இடது காலில் யானைக்கால் வீக்கம் உள்ள ஒரு பெரியவர் வந்தார். என்னிடம் வேலை பார்க்கும் இரண்டு பெண்களும் அவர் காலைத் தொடத் தயங்கினார்கள். பக்கத்து நாற்காலியில் இருந்தவரோ, "இவர் கால் வைத்த தொட்டியில்தான் என் காலையும் வைப்பீர்களா?" என்று அவர் காதில் விழும்படியே கேட்டுவிட்டார். "இன்று ஆள் இல்லை, இன்னொரு நாள் வாருங்கள்" என்று பெரியவரை அனுப்பிவிட்டேன். அன்று முதல் மனம் உறுத்துகிறது. நான் செய்தது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: அந்தக் காலை அன்று அழுத்தாமல் விட்டது சரியாகக்கூட இருக்கலாம், ஆள் இல்லை என்று பொய் சொல்லி அனுப்பியதுதான் தவறு. யானைக்கால் நோயை உண்டாக்கும் நுண்புழு, நம் சாக்கடைகளில் பெருகும் க்யூலெக்ஸ் கொசுவின் வழியாகப் பரவுகிறதே தவிர, நோயாளியின் காலைத் தொடுவதாலோ அவர் கால் நனைத்த நீராலோ பரவுவதில்லை. ஆகவே உங்கள் பணியாளர்களின் தயக்கத்துக்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அதே சமயம், நிணநீர் தேங்கி வீங்கிய காலை மருத்துவரைக் கேட்காமல் கட்டைவிரலால் ஆழமாக அழுத்துவது கூடாது. தோல் சிவந்து, சூடேறி, காய்ச்சலும் இருந்தால் அவர் போக வேண்டிய இடம் மருத்துவமனைதான். இதை அவரை உட்கார வைத்து, குரலைத் தாழ்த்தி, உள்ளபடியே சொல்லியிருக்கலாம். சோப்பு நீரில் மெதுவாகக் கழுவி, விரலிடுக்குகளில் ஈரம் தங்காமல் ஒற்றித் துடைப்பது இத்தகைய கால்களுக்கு மருத்துவர்களே அன்றாடம் செய்யச் சொல்லும் பராமரிப்பு. அதை மட்டுமாவது உங்கள் நிலையத்தில் செய்து, வலது காலுக்கு வழக்கமான அழுத்தம் கொடுத்து அனுப்பியிருந்தால் அவர் மீண்டும் வந்திருப்பார்.

தொட்டியைப் பற்றிக் கேட்டவருக்கு என்ன பதில் சொன்னீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒவ்வொருவர் எழுந்ததும் தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கிருமிநாசினி இட்டுத் தேய்த்து, சலவை செய்த துண்டைத்தான் எடுக்கிறீர்கள் என்றால், அதை அவரிடம் உரக்கவே சொல்லலாம். அப்படிச் செய்வதில்லை என்றால், அவர் கேள்வி நியாயமானதே. ஆனால் குறை உங்கள் தொட்டியில் இருக்கிறது, பெரியவரின் காலில் இல்லை. சேற்றுப்புண்ணும் பூஞ்சைத் தொற்றும்தான் ஈரத் தொட்டியிலும் பொதுத் துண்டிலும் எளிதாகப் பரவுகின்றன. அவை பளபளக்கும் தோல் காலணிக்குள்ளிருந்தும் வரும். கையுறைக்கும் இதே அளவுகோல்தான்: புண், கசிவு, பூஞ்சை இருந்தால் யாராக இருந்தாலும் கையுறை, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம். ஆளைப் பார்த்துக் கையுறை மாட்டினால், மாட்டும் சத்தத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிடும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. பாதம் நம் ஊரில் வெறும் உறுப்பு அல்ல. செருப்பைக் காலில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு சில தெருக்களைக் கடக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகளும் உங்கள் நாற்காலிக்கு வருகிறார்கள். "என் காலை நீங்கள் தொடுவதா" என்று கூசிக் காலை இழுத்துக்கொள்ளும் முதியவர்களும் வருகிறார்கள். பித்தவெடிப்பை மறைக்கப் புடவையைத் தழைத்துவிடும் பெண்களை நீங்களே தினமும் பார்த்திருப்பீர்கள். காலணியைக் கழற்றும் நொடியில் ஒருவர் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கிறார். பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது அழுத்தப் புள்ளிகளுக்கு முன்பாக இந்த நொடியைச் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பெரியவரின் தொலைபேசி எண் இருந்தால் நீங்களே அழைத்து, நடந்ததற்கு வருத்தம் சொல்லுங்கள்.

கேள்வி: நான் வீடுகளில் சமையல் வேலை செய்கிறேன். என் முதலாளியம்மா எனக்கு ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி நிலையத்தின் 45 நிமிடக் கூப்பனைப் பரிசாகக் கொடுத்தார். அங்கே என்னைப் பின்பக்கம் மின்விசிறி இல்லாத நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரத்தில் முடிந்தது என்றார்கள். மற்றவர்களை "மேடம்" என்றவர்கள் என்னை "நீ, வா, போ" என்றே பேசினார்கள். நான்தான் பெரிதுபடுத்துகிறேனா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: இல்லை அம்மா. பந்தியில் உட்கார வைத்துவிட்டு ஒருவர் இலையில் நெய்யும் இன்னொருவர் இலையில் வெறும் சோறும் போடுவதைப் பந்தி வஞ்சனை என்கிறோம்; உங்களுக்கு நடந்தது அதுதான். கூப்பனில் அச்சிட்டிருப்பது 45 நிமிடம், அதற்கான பணமும் அவர்கள் கல்லாவில் விழுந்துவிட்டது. சென்ற தேதியையும் நேரத்தையும் குறித்து உரிமையாளரிடம் மீதி 15 நிமிடத்தைக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, சலுகை அல்ல. சாதியைக் காரணம் காட்டி ஒருவருக்குச் சேவையை மறுத்தாலோ வேறுபடுத்தி வழங்கினாலோ அது வெறும் மரியாதைக் குறைவோடு நிற்பதில்லை. தீண்டாமை அடிப்படையில் சேவை மறுப்பதை 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு இன்னொரு கவலை வந்தது. சர்க்கரை நோய் உண்டா, காலில் மரத்துப்போன உணர்வு உண்டா, கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ உண்டா என்று உங்களிடம் யாராவது கேட்டார்களா? அவசரமாக முடித்து அனுப்பும் வாடிக்கையாளரிடம் பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குன்றியவருக்கு அழுத்தம் அதிகமானால் வலிக்காது. புண்ணான பிறகுதான் தெரியும். கெண்டைக்கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் காலைத் தொடாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். எல்லாரையும் சமமாக நடத்துவது என்றால் எல்லார் காலையும் ஒரே பலத்தோடு அழுத்துவது என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அழுத்தம் உடலுக்கு உடல் மாறலாம், மாறவும் வேண்டும்; கேட்கும் கேள்வியும் கொடுக்கும் நேரமும்தான் மாறக் கூடாது.

கேள்வி: பாதத்தின் ஒவ்வொரு புள்ளியையும் ஓர் உடலுறுப்போடு இணைத்துக் காட்டும் பாத வரைபடத்தைப் பார்த்து, வலிக்கும் புள்ளியை வைத்து, "உங்களுக்குக் கல்லீரல் சரியில்லை", "கர்ப்பப்பையில் கோளாறு" என்று சொல்வது என் வழக்கம். வாடிக்கையாளர்களும் அதை விரும்பிக் கேட்கிறார்கள். அண்மையில் ஒரு பெண் எல்லார் முன்னாலும் அழுதுவிட்டார். சொல்லக் கூடாதா?
– ஒரு ரிஃப்ளெக்ஸாலஜி சிகிச்சையாளர், கோயம்புத்தூர்

பதில்: சொல்லக் கூடாது. உடலைப் பத்து நெடுக்கு மண்டலங்களாகப் பிரித்துப் பார்க்கும் முறையை, அமெரிக்காவின் காது மூக்குத் தொண்டை மருத்துவர் வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1910-களில் பரப்பினார். பிறகு யூனிஸ் இங்காம் 1930-களில் அதைப் பாதங்களின் மேல் விரிவான வரைபடமாக்கினார். பாதம் அழுத்தப்படும்போது உடல் தளர்ந்து இளைப்பாறுகிறது, பலருக்கு மனமும் லேசாகிறது. ஆனால் அந்த வரைபடத்தைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு ஆய்வுகளில் நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. ஆதாரமில்லாத ஒரு தீர்ப்பை, அதுவும் கர்ப்பப்பையைப் பற்றி, நான்கு பேர் கேட்க ஒரு பெண்ணிடம் சொல்வது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்பதை அவர் கண்ணீர் உங்களுக்குக் காட்டிவிட்டது. "இந்த இடம் வலிக்கிறதா, அழுத்தத்தைக் குறைக்கட்டுமா" என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பணம் உள்ளவர் உங்கள் வார்த்தையைக் கேட்டு மறுநாள் ஸ்கேன் எடுத்துச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்வார். இல்லாதவர் அந்தப் பயத்தை வீட்டுக்குச் சுமந்து போவார்.

கேள்வி: வாரந்தோறும் வரும் வசதியான வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் பெண் பணியாளரிடம் தகாத முறையில் பேசுகிறார். எல்லாரையும் மரியாதையாக நடத்த வேண்டும் என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டுமா?
– ஒரு நிலைய மேலாளர், சென்னை

பதில்: வேண்டாம். அடுத்த முறை அப்படிப் பேசும் நொடியிலேயே பணியாளர் கையை எடுத்துவிட்டு எழுந்துவிடலாம் என்று இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள். அதனால் அவருடைய சம்பளத்திலோ டிப்ஸ் பங்கிலோ ஒரு ரூபாய்கூடக் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த மனிதரிடம் பேச வேண்டியது நீங்கள். ஒரு முறை எச்சரியுங்கள். திருந்தாவிட்டால், கூப்பனில் வந்த ஒருவர் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்களோ, அதையே இவருக்கும் செய்து, மீதமுள்ள முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.