பழைய ரோடு பைக்கும் அகலச் சக்கரமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: 1990களின் நடுவில் வாங்கிய எஃகுச் சட்டம் கொண்ட ரோடு பைக் (சாலைப் பந்தய மிதிவண்டி) ஒன்றை இன்றுவரை ஓட்டிவருகிறேன். பின்னால் எட்டுப் பல்சக்கரங்கள், 700சி ரிம், 23 மி.மீ. டயர். வார இறுதிகளில் தெம்பனிசிலிருந்து சாங்கி கடலோரச் சாலை வழியாக ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா வரை போய்த் திரும்புவேன். வயது ஏற ஏற, சாலையின் ஒவ்வொரு ஒட்டும் முதுகில் வந்து இடிக்கிறது. நண்பர் ஒருவர் தாம் பயன்படுத்திய அலுமினியச் சக்கரங்களைத் தர முன்வந்திருக்கிறார். அவற்றின் உள் அகலம் 21 மி.மீ., வெளி அகலம் 27 மி.மீ. அவற்றில் 28 மி.மீ. டயர் போட நினைக்கிறேன். என் வண்டிக்குப் பொருந்துமா? பிரேக் கட்டைகளையும் மாற்ற வேண்டுமா? மழைக்கு எந்தக் கட்டை நல்லது?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: உங்கள் வண்டியில் மிகக் குறுகலான இடுக்கு எதுவோ, அதுதான் முதல் கேள்விக்கு விடை சொல்லும். அந்தக் காலத்துப் பந்தயச் சட்டங்கள் 23 மி.மீ. டயரையும், மிஞ்சினால் 25 மி.மீ. டயரையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. அதே ஆண்டுகளில் நெடும்பயணத்துக்கென்று செய்யப்பட்ட சட்டங்களிலோ 28 மி.மீ. டயர் சிரமமின்றி உட்காரும். ஆகவே சக்கரத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவதற்கு முன் நான்கு இடங்களை அளந்து பாருங்கள்: முன் சக்கரத்தைத் தாங்கும் கவையான ஃபோர்க்கின் தலைக்கு அடியில் டயரின் உச்சி, ஃபோர்க்கின் இரு கால்களுக்கு இடையே டயரின் பக்கங்கள், பிரேக் கேலிப்பரின் (கட்டைகளைப் பிடித்திருக்கும் கவ்வியின்) அடிப்பகுதி, பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னே சட்டத்தின் கீழ்க்குழாய்கள் இரண்டும் நெருங்கி வரும் இடம்.

அளப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். வீட்டிலுள்ள அலன் கீ கட்டே போதும். இப்போதைய டயருக்கும் சட்டத்துக்கும் இடையே இரு பக்கமும் 6 மி.மீ. சாவியும், டயரின் உச்சிக்கு மேலே 8 மி.மீ. சாவியும் உரசாமல் நுழைந்து வெளியே வந்தால், புதிய டயர் ஏறிய பின்பும் சுற்றிலும் ஏறத்தாழ 3 மி.மீ. இடைவெளி மிஞ்சும். அதற்குக் கீழே போக நான் சம்மதிக்க மாட்டேன். சக்கரம் நூல் பிடித்தாற்போல நேராகவே எப்போதும் இருப்பதில்லை. மழையில் ஒட்டிவரும் மணலும் சிறு கல்லும் அந்த இடைவெளி வழியாகத்தான் போக வேண்டும். எழுந்து நின்று மிதிக்கும்போது சக்கரமும் சட்டமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். என்னுடைய பழைய வண்டியில் ஒருமுறை 28 மி.மீ. டயரைப் பிடிவாதமாக நுழைத்தேன். வீட்டின் கீழ்த்தளத்தில் தூக்கிச் சுழற்றிப் பார்த்தபோது எங்கும் படவில்லை. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்த அன்றுதான் ‘சர்... சர்...’ என்ற சத்தம் கேட்டது. வீடு வந்து பார்த்தால் கீழ்க்குழாயின் உட்புறத்தில் சுண்டுவிரல் நீளத்துக்குப் பெயின்ட் உரிந்து எஃகு பளபளத்தது. சிங்கப்பூரின் ஈரக்காற்றில் அடுத்த சில வாரங்களிலேயே அந்த இடம் பழுப்பேறிவிட்டது.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. ரிம்மின் உள் அகலம் 1 மி.மீ. கூடும்போது அதே டயர் ஏறத்தாழ 0.4 மி.மீ. அகலும் என்பது சக்கரம் கட்டுவோர் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் பழைய ரிம்மின் உள் அகலம் பெரும்பாலும் 13 முதல் 15 மி.மீ.க்குள் இருக்கும், அதிலிருந்து 21 மி.மீ.க்குப் போகும்போது எந்த டயரும் இரண்டரை முதல் 3 மி.மீ. வரை பருத்துவிடும். டயரில் எழுதிய எண் பழைய ரிம்மைவிடச் சற்று அகலமான ரிம்மை வைத்துக் குறிக்கப்படுவதால், நண்பரின் ரிம்மில் 28 என்று எழுதிய டயர் 29 மி.மீ.க்கு நெருக்கமாக நிற்கும். 25 என்று எழுதியதோ 26, 27 மி.மீ. ஆகிவிடும். இடைவெளி போதவில்லை என்று தெரிந்தால் வருந்த வேண்டியதில்லை. அகல ரிம்மில் 25 மி.மீ. டயர் போட்டாலே, உங்களுடைய இப்போதைய 23 மி.மீ. டயரைவிடக் காற்றைக் கணிசமாகக் குறைத்து ஓட்டலாம். முதுகுக்கு வேண்டியதும் அதுதான்.

நண்பரிடம் நான்கு விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவதாக, அந்தச் சக்கரங்கள் ரிம் பிரேக்குக்கு உரியவைதாமா? இன்று கடைகளில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை டிஸ்க் பிரேக்குக்கானவை. அவற்றின் பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) 142 மி.மீ. அகலம் கொண்டது, 12 மி.மீ. பருமனான அச்சு ஊடுருவிப் போகும். உங்கள் சட்டத்துக்கு வேண்டியவை முன்னால் 100 மி.மீ., பின்னால் 130 மி.மீ. அகலமுள்ள, சிறு நெம்புகோலால் கழற்றும் குவிக் ரிலீஸ் ஹப்கள். இரண்டாவதாக, பின் ஹப் பதினொரு பல்சக்கரங்களுக்கு உரிய ஷிமானோ நிறுவன வகையாக இருந்தால், உங்கள் எட்டுப் பல்சக்கரக் கேசட்டுக்குப் பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று போட வேண்டும். போடாவிட்டால் பூட்டு வளையத்தை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் ஆடிக்கொண்டே இருக்கும். மூன்றாவதாக, ரிம்மின் உள்விளிம்பில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். கொக்கியில்லாத ரிம்மில் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்றடிக்கவே கூடாது. அதற்கென்று அனுமதிக்கப்பட்ட டயரை மட்டுமே போட வேண்டும். பல ஆண்டுகளாக 100 பி.எஸ்.ஐ. அடித்துப் பழகிய கைக்கு அது ஆபத்து. நான்காவது, தேய்மானம். ரிம்மின் பிரேக் பரப்பில் மெல்லிய கோடோ சிறு குழியோ அடையாளமாக இருக்கும். அது மறைந்திருந்தாலோ, அளவுகோலின் விளிம்பை வைத்துப் பார்க்கும்போது பரப்பு உட்குழிந்து தெரிந்தாலோ, இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

இனி பிரேக். உங்கள் பழைய ரிம்மின் வெளி அகலம் 19 அல்லது 20 மி.மீ. இருக்கும், புதியது 27 மி.மீ. என்றால் இரு பக்கக் கட்டைகளும் ஏறக்குறைய 4 மி.மீ. வெளியே நகர வேண்டும். கம்பியைத் தளர்த்திப் புதிய இடத்தில் இறுக்கினால் இது நடந்துவிடும் என்றாலும், கேலிப்பரின் கைகள் விரியும்போது கட்டைகள் நேராக விலகுவதில்லை. வில்லாக நகர்ந்து, ரிம்மைத் தொடும் உயரமும் கோணமும் மாறிவிடுகின்றன. முன்பு சரியாக உட்கார்ந்திருந்த கட்டை இப்போது டயரின் பக்கத்தை உரசலாம், அல்லது ரிம்முக்குக் கீழே பாதி தொங்கலாம். டயரை உரசும் கட்டை ஒரே நீண்ட இறக்கத்தில் டயரை அறுத்துவிடக்கூடும் என்பதால், சக்கரம் மாற்றிய அன்றே கட்டைகளையும் புதிதாக அமைத்தாக வேண்டும். இதில் ஒரு நன்மையும் உண்டு. குறுகிய ரிம்மில் பருத்த டயர் போட்டவர்கள், சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் கட்டைகளுக்கிடையே டயர் சிக்கி, காற்றை இறக்க வேண்டியிருக்கிறது என்று குறைப்படுவார்கள். உங்கள் டயரும் ரிம்மும் ஏறத்தாழ ஒரே அகலம் என்பதால் அந்தத் தொல்லை குறைவாகவே இருக்கும்.

கட்டையை மாற்றத்தான் வேண்டுமா என்றால், சக்கரத்தை மாற்றாவிட்டாலும் மாற்றுங்கள் என்பேன். பழைய ரப்பர் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகி, மேற்பரப்பு கண்ணாடிபோல் வழுக்கத் தொடங்கும். நகத்தால் அழுத்தினால் தடம் பதியாது. சிங்கப்பூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 170 நாள் மழை பெய்கிறது. காய்ந்த சாலையில் ‘நன்றாகத்தானே பிடிக்கிறது’ என்று தோன்றும் பழைய கட்டை, நனைந்த ரிம்மில் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டு அதற்குப் பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். போக்குவரத்து விளக்குக்கு முன்னால் அந்தச் சில மீட்டர்கள் மிக நீளமானவை.

அலுமினிய ரிம்முக்கு மழையில் நான் விரும்பிப் போடுவது கூல் ஸ்டாப் நிறுவனத்தின் சால்மன் மீன் நிறக் கட்டை. கறுப்புக் கட்டையைவிட ஈரத்தில் அது நன்றாகப் பிடிக்கும். ஸ்விஸ்ஸ்டாப் நிறுவனத்தின் நீல நிற பிஎக்ஸ்பி, ஷிமானோவின் ஆர்55சி4 ஆகியவையும் அலுமினியத்துக்குப் பொருத்தமானவை. வாங்கும்போது நிறுவனப் பெயரைவிட இரண்டு விவரங்கள் முக்கியம்: ‘அலுமினிய ரிம்முக்கு’ என்று உறையில் எழுதியிருக்க வேண்டும்; கட்டையின் வடிவம் உங்கள் கேலிப்பரில் அதைத் தாங்கும் உலோகக் கூட்டுக்குப் பொருந்த வேண்டும். ஷிமானோ கூட்டும் காம்பக்னோலோ கூட்டும் ஒன்றல்ல. உங்களுடையது கூடும் ரப்பரும் ஒன்றாக வார்க்கப்பட்ட பழைய கட்டை என்றால், கழற்றி மாற்றத்தக்க கூட்டுடன் கூடிய முழுச் செட்டை ஒருமுறை வாங்கிவிடுங்கள். அடுத்த முறை ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கோணத்தைத் திருத்த உதவும் குழிந்த வளையங்களும் அத்துடன் வரும். அகல ரிம்முக்கு அவை இன்றியமையாதவை.

பொருத்தும்போது கூட்டின் மூடிய முனை வண்டி போகும் திசையை நோக்கியும், ரப்பரை நுழைக்கும் திறந்த முனை பின்னோக்கியும் இருக்க வேண்டும். பிரேக் பிடிக்கும்போது ரிம் கட்டையை முன்னோக்கி இழுக்கும். கூட்டைத் தலைகீழாக மாட்டியிருந்தால் ரப்பர் நழுவி வெளியே போய்விடும். இடம் வலம் மாறிப்போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அவற்றில் ஒன்று கடையில் சீர்செய்து வந்தது. கட்டையின் பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே பழைய ஈஸிலிங்க் பயண அட்டை ஒன்றைச் செருகி, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே திருகாணியை இறுக்குங்கள். முன்முனை ஒரு மயிரிழை முந்தித் தொடும், கீச்சுச் சத்தமும் எழாது. கட்டையின் மேல் விளிம்புக்கும் டயருக்கும் இடையே 1 மி.மீ. விட்டால் போதும். பிறகு பிடியை முழுப் பலத்தோடு பத்துப் பன்னிரண்டு முறை அழுத்துங்கள். கம்பி நழுவுவதாக இருந்தால் வீட்டிலேயே நழுவட்டும்.

ஒவ்வொரு மழைச் சவாரிக்குப் பிறகும் ரிம்மை ஈரத்துணியால் துடையுங்கள். துணியில் ஒட்டும் கறுப்புச் சேறு ரப்பரும் அலுமினியப் பொடியும் கலந்த கலவை. அதை விட்டுவைத்தால் அடுத்த சவாரியில் ரிம்மை உப்புத்தாள்போல் தேய்க்கும். கட்டையைத் திருப்பிப் பார்த்தால் வெள்ளியாக மின்னும் சிறு துணுக்குகள் பதிந்திருக்கும். ஊக்கு முனையால் அவற்றை நோண்டி எடுத்துவிட்டு, மேற்பரப்பை உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

காற்றழுத்தத்தைப் பொறுத்தவரை, உங்கள் எடை 70 கிலோ அளவில் இருந்தால் 28 மி.மீ. டயருக்கு 70 பி.எஸ்.ஐ.யில் தொடங்கி, முதுகு சொல்வதைக் கேட்டுச் சற்றுக் குறைத்துப் பாருங்கள்.

கேள்வி: மலிவு விலையில் கார்பன் ரிம் சக்கரங்கள் கிடைக்கின்றன. என்னிடம் உள்ள கட்டைகளையே அவற்றுக்கும் பயன்படுத்தலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: கூடாது. கார்பன் ரிம்முக்கு அதற்கென்று செய்த கட்டை வேண்டும். சாதாரணக் கட்டை ரிம்மைச் சூடேற்றிக் கெடுக்கலாம். அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையில் பதிந்திருக்கும் உலோகத் துணுக்குகள் கார்பன் பரப்பைக் கீறிவிடும். சரியான கட்டையைப் போட்டாலும் ஈரத்தில் கார்பன் ரிம் அலுமினியத்தின் அளவுக்குப் பிடிப்பதில்லை. நீண்ட மலைச்சாலைகள் இல்லாத நம் நாட்டில் வெப்பம் பெரிய கவலையன்று. நம் கவலை மழை. ஆகவே ரிம் பிரேக் வண்டிக்குக் கார்பன் வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: அப்பா 1980களில் வாங்கிய வண்டியில் 27 அங்குலச் சக்கரங்கள் இருக்கின்றன, அதற்கு டயர் கிடைப்பது அரிதாகிவிட்டது. 700சி சக்கரம் போடலாமா? பின் ஹப்பின் அகலம் 126 மி.மீ. என்று கடையில் சொன்னார்கள். முன் பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை. பின் பிரேக் மட்டும் வேலை செய்தால் போதாதா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: போடலாம். டயர் உட்காரும் விட்டம் 27 அங்குலச் சக்கரத்தில் 630 மி.மீ., 700சியில் 622 மி.மீ.; ஆரத்தில் வேறுபாடு 4 மி.மீ. மட்டுமே. பிரேக் கட்டையைக் கேலிப்பரின் நீள்துளையில் 4 மி.மீ. கீழே இறக்க இடமிருந்தால் வேலை முடிந்தது. ஏற்கெனவே அடிமட்டத்தில் நிற்கிறது என்றால், 47 முதல் 57 மி.மீ. வரை எட்டும் நீண்ட கைக் கேலிப்பர் வாங்க வேண்டியிருக்கும். ரிம் சிறியதாவதால் அகல டயருக்கும் கூடுதல் இடம் கிடைக்கிறது. மேலே வாசகர் பட்ட கவலை உங்களுக்குக் குறைவு.

126 மி.மீ. இடைவெளியை 130 மி.மீ. ஹப்புக்கு விரிப்பது எஃகுச் சட்டத்தில் மட்டுமே செய்யத்தக்கது: பக்கத்துக்கு 2 மி.மீ. வளைத்து, இரு முனைகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று கருவியால் சரிபார்க்க வேண்டும். அனுபவமுள்ளவர் கையில் விடுங்கள். அலுமினியச் சட்டத்தில் இதை யாரும் முயன்றுவிடக் கூடாது, அது விரிசல் விடும்.

பொதுப் பாதைகளில் ஓட்டும் மிதிவண்டியில் வேலை செய்யும் கைப்பிரேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்ற விதி 2021 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. விதியைப் பொறுத்தவரை ஒன்று போதும். ஆனால் வண்டியை நிறுத்தும் பலத்தில் பெரும்பங்கு முன் சக்கரத்திலிருந்தே கிடைக்கிறது. வேகத்தைக் குறைக்கும்போது எடை முன்னே சாய்வதால் பின் சக்கரம் எளிதில் சறுக்கும். புதுச் சக்கரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் முன் பிரேக்கின் கட்டையையும் கம்பியையும் கம்பியின் உறையையும் மாற்றுங்கள்.