ஸ்காட்லாந்தின் சூல்வென் மலை ஏன் தன்னந்தனியாக நிற்கிறது?

ஸ்காட்லாந்தின் வடமேற்கிலுள்ள அசின்ட் பகுதியில், 731 மீட்டர் உயரத்தில் தனித்து நிற்கும் சூல்வென் ஓர் எச்சக் குன்று. அதாவது, சுற்றியிருந்த பாறை முழுவதும் அரிக்கப்பட்டுப் போனபின் எஞ்சிய மலை.

அப்பகுதியின் தரையாக இருப்பது, சில இடங்களில் 300 கோடி ஆண்டுகள் வரை பழமையான நைஸ் பாறை (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறை). அதன்மேல் ஏறக்குறைய 100 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் கொண்டுவந்து குவித்த மணல் இறுகி, மிகத் தடித்த மணற்கல் அடுக்காயிற்று. பின்னர் நீரும், பனியுகங்களில் நகர்ந்த பனியாறுகளும் அந்த அடுக்கின் பெரும்பகுதியை அகற்றிவிட்டன. குளம் வெட்டுவோர் எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்று அளந்து காட்டுவதற்காக நடுவில் ஒரு மண்திட்டை விட்டுவைப்பார்கள் அல்லவா, அதைப் போலவே, மறைந்துபோன மணற்கல் குறைந்தது எவ்வளவு தடிமனாக இருந்தது என்பதைச் சூல்வென் இன்றும் காட்டுகிறது. என் பார்வையில், அதன் அழகைவிட இதுவே வியப்புக்குரியது.

மலையின் அடிவாரம் வரை சாலை கிடையாது. லோக்இன்வர் என்ற கடற்கரை ஊரின் பக்கமிருந்து சென்று திரும்ப ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இறுதி ஏற்றம் மிகவும் செங்குத்தானது. இருந்தும், உச்சி முகடு சுமார் 2 கிலோமீட்டர் நீண்டு, கடலையும் ஏரிகளையும் ஒருசேரக் காட்டுவதால் மலைநடையர்கள் இதைத் தேடி வருகின்றனர்.

மேற்கிலிருந்து பார்க்கையில் குவிமாடம்போல் தெரிவதால் இதை அணைந்த எரிமலை என்று கருதத் தோன்றலாம்; ஆனால் இது எரிமலைக் குழம்பால் உருவானதன்று, ஆற்று மணலால் ஆனது.