ஏ1000 டிஸ்க் பெட்டி சர்வருக்குத் தெரியவில்லை: என்ன செய்வது?

வாசகரின் கேள்வி சுருக்கமாக இது. சோலாரிஸ் 8 (சன் நிறுவனத்தின் யுனிக்ஸ் இயங்குதளம்) ஓடும் சன் எண்டர்பிரைஸ் 250 சர்வர் ஒன்று இருக்கிறது. அதனுடன் ஓரங்கட்டிவைத்திருந்த ஸ்டோர்எட்ஜ் ஏ1000 டிஸ்க் பெட்டியை, சர்வரின் பின்பக்கம் இருக்கும் 68 முனை ஸ்கஸி போர்ட்டில் (டிஸ்க் போன்றவற்றை இணைக்கும் பழைய வகை போர்ட்) மாட்டியிருக்கிறார். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் 'ஃபார்மேட்' கட்டளை கொடுத்தால் எதுவும் தெரியவில்லை, சோலாரிஸ் கிளம்பும் முன் வரும் ஓகே ப்ராம்ப்ட்டில், ஸ்கஸி சாதனங்களைத் தேடும் 'ப்ரோப்-ஸ்கஸி-ஆல்' கொடுத்தால் மெஷின் அப்படியே நின்றுவிடுகிறது. பெட்டிக்குள் பழைய கணக்கு டேட்டா இருக்கிறது, அதை எடுத்துவிட்டு அப்புறம் பெட்டியை பேக்கப் வைக்கப் பயன்படுத்த வேண்டும் என்கிறார்.

சோலாரிஸைத் திட்டாதீர்கள், அதன்மேல் தப்பே இல்லை. ஏ1000 பேசுவது ஹை வோல்டேஜ் டிஃபரன்ஷியல், அதாவது எச்விடி. உங்கள் சர்வரோடு வந்த போர்ட் சிங்கிள் எண்டட். இரண்டிலும் 68 முனை, கேபிளும் கச்சிதமாக உட்காரும், ஆனால் உள்ளே ஓடும் சிக்னலே வேறு. எச்விடியில் ஒவ்வொரு சிக்னலுக்கும் இரண்டு கம்பி. சிங்கிள் எண்டடில் ஒரு கம்பிதான், அதன் ஜோடி தரையில் போய் நிற்கும். அதனால் பஸ், அதாவது ஸ்கஸி சிக்னல் ஓடும் பொதுப் பாதை, முழுக்க உறைந்துபோவதில் ஆச்சரியமில்லை, சிப் போகாமல் இருந்தால் அதிர்ஷ்டம். கேபிளை இப்போதே கழற்றிவிடுங்கள். பிற்காலத்து அல்ட்ரா160 கார்டை வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது எல்விடி, அதாவது லோ வோல்டேஜ் டிஃபரன்ஷியல், எச்விடியோடு அதுவும் சேராது. போர்ட்டுக்குப் பக்கத்தில் வைர வடிவக் குறி ஒன்று அச்சடித்திருக்கும், அதில் 'டிஃப்' என்று இருந்தால் எச்விடி, 'எல்விடி' என்றால் எல்விடி, ஒன்றும் எழுதாமல் இருந்தால் சிங்கிள் எண்டட். பழைய ஸ்கஸி சாமான் எதை வாங்கினாலும் முதலில் இந்தக் குறியைப் பாருங்கள்.

உங்களுக்கு வேண்டியது சன்னின் எக்ஸ்6541ஏ, இரட்டை சேனல் டிஃபரன்ஷியல் பிசிஐ கார்டு. பழைய சாமான் விற்பவர்களிடம் தேடுங்கள். இதற்கான 'ஜிஎல்எம்' டிரைவர் சோலாரிஸிலேயே இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

கார்டு வந்ததும் பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். இரண்டு ஸ்கஸி போர்ட் இருந்தால் ஏ1000, நான்கு இருந்தால் அது டி1000, முகத்தைப் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. டி1000இல் ரெய்டு கன்ட்ரோலர் (பல டிஸ்க்கைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் பலகை) கிடையாது, ஒவ்வொரு டிஸ்க்கும் தனித்தனியாகத்தான் தெரியும், அப்படியிருந்தால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. ஏ1000 என்றால் ஒரு போர்ட்டில் சர்வர் கேபிள், மற்றதில் எச்விடி டெர்மினேட்டர், அதாவது சிக்னல் எதிரொலிக்காமல் பஸ்ஸின் முனையை மூடும் அடைப்பான். டெர்மினேட்டர் இல்லாமலே ஓடுகிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு, லோடு ஏறியதும் லாகில் ஸ்கஸி டைம்அவுட் வரிசையாக வர ஆரம்பிக்கும். பெட்டியின் ஸ்கஸி ஐடியை (பஸ்ஸில் அதன் அடையாள எண்) 7இல் மட்டும் வைக்காதீர்கள், அது சர்வர் கார்டுக்கு உரியது.

இன்னொன்று, டிஸ்க்குகளை வெளியே எடுத்தால் எந்த ஸ்லாட்டில் எது இருந்தது என்று மார்க்கரால் எழுதிவையுங்கள். ரெய்டு அமைப்பின் விவரம் டிஸ்க்குகளிலேயே ஒதுக்கிய ஒரு பகுதியில் எழுதப்பட்டிருக்கும், இடம் மாற்றி மாட்டி அதைக் குழப்பிவிட வேண்டாம்.

முதலில் பெட்டிக்கு கரண்ட், டிஸ்க்குகள் சுழன்று விளக்குகள் நிலைக்கு வந்த பிறகுதான் சர்வர். ஓகே ப்ராம்ப்ட்டில் 'ஆட்டோ-பூட்?' என்பதை ஃபால்ஸ் ஆக்கி, 'ரீசெட்-ஆல்' கொடுத்து, அதற்குப் பிறகு 'ப்ரோப்-ஸ்கஸி-ஆல்' கொடுங்கள். ஓடிக்கொண்டிருந்த சோலாரிஸை ஸ்டாப்-ஏ அடித்து நிறுத்திவிட்டு நேராக ப்ரோப் பண்ணினால் கேபிள் சரியாக இருந்தாலும் மெஷின் தொங்கும். பெட்டி தெரிந்ததும் 'பூட்' உடன் '-ஆர்' சேர்த்துக் கிளப்புங்கள், அப்போதுதான் சோலாரிஸ் புதுச் சாதனங்களைத் தேடிச் சேர்த்துக்கொள்ளும். ஆட்டோ-பூட்டைத் திரும்ப ட்ரூ ஆக்க மறந்துவிடாதீர்கள், ராத்திரி கரண்ட் போய்வந்தால் சர்வர் ஓகே என்று சொல்லிக்கொண்டு சும்மா நிற்கும்.

இப்போது 'ஃபார்மேட்' பட்டியலில் சிம்பயாஸ் ஸ்டோர்எட்ஜ் ஏ1000 என்ற பெயரில் டிஸ்க் தெரிய வேண்டும். அது உண்மையில் ஒரு டிஸ்க் அல்ல, லன், அதாவது கன்ட்ரோலர் பல டிஸ்க்கைச் சேர்த்து வெளியே காட்டும் ஒரே துண்டு. லன் 0 மட்டும் தெரிந்து மற்றவை தெரியாவிட்டால் பயப்படாதீர்கள், டிஸ்க் டிரைவரின் அமைப்புக் கோப்பான 'எஸ்டி.கான்ஃப்'இல் வழக்கமாக லன் 0க்கு மட்டுமே வரி இருக்கும், உங்கள் டார்கெட் எண்ணுக்கு, அதாவது பெட்டியின் ஸ்கஸி ஐடிக்கு, லன் 1, 2 என்று வரி சேர்த்து மறுபடி '-ஆர்' பூட் செய்தால் வந்துவிடும்.

'ஃபார்மேட்' ஒருவேளை லேபிள் (டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்கும் பார்ட்டிஷன் பட்டியல்) போடட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். பழைய டேட்டா இருக்கும் லன்னில் லேபிள் இல்லை என்று அது சொன்னாலே ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்காமல் மேலே எழுதக் கூடாது. 'பிஆர்டிவிடாக்' கொடுத்து பார்ட்டிஷன்களைப் பாருங்கள். டேக் (பார்ட்டிஷனின் வகை எண்) 14, 15 இருந்தால், டிஸ்க்குகளை நிர்வகிக்கும் வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜர் மென்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள், நேரடியாக மவுண்ட் ஆகாது, வெரிட்டாஸ் போட்டு டிஸ்க் குரூப்பை இம்போர்ட் செய்ய வேண்டும். சோலாரிஸின் சாதாரண ஃபைல் சிஸ்டமான யுஎஃப்எஸ் என்றால் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். இதுவரைக்கும், ஏ1000இன் ரெய்டு அமைப்பை மாற்ற உதவும் ரெய்டு மேனேஜர் மென்பொருள் தேவையே இல்லை. அதை முதலிலேயே போட்டு, திரையில் சிவப்பாகத் தெரிவதையெல்லாம் சரிசெய்யப் போகிற ஆர்வம்தான் பலரின் டேட்டாவைக் காவு வாங்குகிறது.

நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகு ரெய்டு மேனேஜர் 6.22.1 போடுங்கள், சோலாரிஸ் 8க்கு அது பொருந்தும். 'லேட்' கட்டளை பெட்டியின் சீரியல் எண்ணையும் லன்களையும் காட்டும், 'ஹெல்த்செக்' பழுதான டிஸ்க்கைச் சொல்லும், 'ரெய்ட்யூட்டில்' கொண்டு பழைய லன்களை நீக்கிப் புதியவை உருவாக்கலாம். 12 டிஸ்க்கும் 36 ஜிபி என்றால், ஒன்றை ஹாட் ஸ்பேராக (வேறொன்று பழுதானால் தானாக இடம்பிடிக்கும் டிஸ்க்) ஒதுக்கி, மற்ற 11இல், ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் ரெய்டு 5 போட்டால் ஏறக்குறைய 360 ஜிபி கிடைக்கும். இவ்வளவு வயதான டிஸ்க்குகளில் ஸ்பேர் இல்லாமல் ரெய்டு 5 போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கையில் உதிரி டிஸ்க் இல்லையென்றால் மிரர் போடுங்கள், ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கில் இருப்பதால் கொள்ளளவு பாதியாகும், பரவாயில்லை. ஜோடியின் ஒரு டிஸ்க், பெட்டிக்குள் கன்ட்ரோலரை டிஸ்க்குகளோடு இணைக்கும் சேனல் 1இலும் மற்றது 2இலும் இருக்கட்டும்.

எழுதுவது ஆமை வேகத்தில் இருந்தால் கன்ட்ரோலரின் கேஷ் பேட்டரியைப் பாருங்கள். பேட்டரி போய்விட்டால் கன்ட்ரோலர் ரைட் கேஷை, அதாவது எழுத வேண்டியதை முதலில் மெமரியில் வாங்கிவைப்பதை, நிறுத்திவிடும். பேட்டரியின் வயதை 'ரெய்ட்யூட்டில்' காட்டும், அதை பூஜ்யமாக்கவும் வழி தரும், ஆனால் புது பேட்டரி போடாமல் எண்ணை மட்டும் திருப்பிவைத்தால், கரண்ட் போகும்போது கேஷில் இருக்கும் டேட்டாவும் சேர்ந்து போகும். புது பேட்டரி கிடைக்காவிட்டால் கேஷ் இல்லாமலே ஓட்டுங்கள். ராத்திரி பேக்கப்புக்கு அந்த வேகம் போதும்.