பங்காளி கையெழுத்தும் 13 மாநிலமும்

கேள்வி (வாசகி, தேவகோட்டை): எங்க பழைய வீட்டுல ஓடு மாத்தணும்னா 11 பங்காளியும் கையெழுத்து போடணும், ஒருத்தர் பினாங்குல உக்காந்துகிட்டு பாக்கலாம் பாக்கலாம்ங்கிறாரு, இங்க ரெண்டாங்கட்டு ஒழுகுது. அமெரிக்கால 13 மாநிலத்தையும் எப்படி ஒரே அரசியல் சட்டத்துக்கு சம்மதிக்க வச்சாங்க?

பதில்: மொத்த பேரும் சம்மதிக்கணும்னு அவங்க காத்திருக்கவே இல்ல ஆச்சி, அதான் விஷயமே. அதுக்கு முன்னாடி 13 மாநிலத்தையும் சேத்து வச்சிருந்த பழைய கூட்டமைப்பு ஒப்பந்தத்த மாத்தணும்னா மொத்த பேரும் ஒத்துக்கணும், அதுல மாட்டிக்கிட்டு முழிச்சாங்க, இறக்குமதிக்கு 5 சதவீதம் வரி போட்டு சுதந்திரப் போர்க்கடன அடைப்போம்னா 1782ல ரோட் ஐலண்டுங்கிற துக்கடா மாநிலம் முடியாதுன்னுச்சு, அம்புட்டுதான், திட்டம் படுத்துருச்சு. அதனால 1787ல பிலடெல்பியால புது சட்டம் எழுதுனப்போ ஏழாவது பிரிவுல 9 மாநிலம் ஒத்துக்கிட்டா போதும், அந்த 9க்குள்ள சட்டம் செல்லும்னுட்டாங்க. மாநில சட்டசபைகிட்டயும் கேக்கல (தன் அதிகாரத்த குறைக்க எவன் கை தூக்குவான்), இதுக்குன்னே தனியா ஆள் தேர்ந்தெடுத்து மாநாடு கூட்டுனாங்க.

டெலவேர் அந்த டிசம்பர் 7லயே ஓட்டுல 30க்கு 0ன்னு முதல் ஆளா முடிச்சிருச்சு. பென்சில்வேனியாவுல மாநாட்டுக்கு தேதி குறிக்க விடாம எதிர்த்தவங்க சட்டசபைக்கே வராம, சபை நடக்க இருக்க வேண்டிய ஆள் கணக்க (கோரம்) கெடுக்க, ஒரு கும்பல் போயி தங்கியிருந்த எடத்துலேருந்து ரெண்டு மெம்பர தரதரன்னு இழுத்துட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சுச்சு! (நீங்க பினாங்குக்கு ஆள் அனுப்பிறாதீங்க.) மாசசூசெட்ஸ்தான் இழுபறி, இப்ப சரின்னுடுவோம், வேணும்ங்கிற திருத்தத்த பட்டியல் போட்டு கூடவே அனுப்புவோம்னு அந்த மாநில கவர்னர் ஜான் ஹான்காக் ஒரு வழி சொல்ல, 187க்கு 168ல தப்பிச்சுது. பின்னாடி வந்த மாநிலங்களும் அதையே புடிச்சுக்கிச்சு, 1791ல வந்த உரிமைகள் சாசனத்துக்கு (அந்த சட்டத்தோட முதல் 10 திருத்தம்) விதை அங்கதான்.

1788 ஜூன் 21ல நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவது, சட்டம் செல்லுபடி ஆயிருச்சு. ரோட் ஐலண்டு மட்டும் வாஷிங்டன் ஜனாதிபதியா பதவியேத்து ஒரு வருஷம் தாண்டியும் வெளிய நின்னுச்சு, அவங்களோட வியாபாரத்தையே நிறுத்துறதுக்கு செனட்டு மசோதா போட்டப்புறம்தான் 1790 மே 29ல 34க்கு 32ன்னு உள்ள வந்தாங்க.

கேள்வி (வாசகர், காரைக்குடி): அதென்ன 9 கணக்கு, நம்ம ஒன்பது நகரக் கோயில் மாதிரி ஏதாச்சும்?

பதில்: அட இல்லண்ணே! போர், உடன்படிக்கை, கடன்னு பெரிய விஷயத்துக்கெல்லாம் 9 மாநிலம் ஒத்துக்கணும்னு பழைய ஒப்பந்தத்துலயே இருந்துச்சு, அவங்களுக்கு பழகுன நம்பர்.