எம்.ஜி.பி. காரில் நார்டி ஸ்ரியரிங் வீல்: துளையைப் பெருப்பிக்கலாமோ?

உங்கட எம்.ஜி.பி.க்கு (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) எடுத்த நார்டி ஸ்ரியரிங் வீலின்ர துளைகள் பொஸ்ஸோட (வீலை ஸ்ரியரிங் தண்டோட சேர்க்கிற இடைத்துண்டு) பொருந்தேல்லை, துளையைப் பெருப்பிக்கலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். பெருப்பிக்காதேங்கோ. வவுனியாவில லேத் பட்டறைக்காரர் செய்து தாறன் எண்டாலும் வேண்டாம்.

ஆறு துளையும் ஒரே அளவுக்கு விலகி நிக்குது எண்டு எழுதியிருக்கிறீங்கள். அப்ப வீலிலயும் பிழையில்லை, பொஸ்ஸிலயும் பிழையில்லை, சோடிதான் மாறிப்போச்சு. நார்டியின்ர துளைகள் 74 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில இருக்கும், வீல் செய்யிற இன்னொரு கொம்பனியான மோமோவுக்கு 70. உங்களுக்கு வந்தது மோமோ பொஸ்ஸாத்தான் இருக்கவேணும். பொஸ்ஸில எதிரெதிர்த் துளைகளை நடுவுக்கு நடு அளந்து பாருங்கோ. 70 எண்டால் சந்தேகமே இல்லை.

துளையை நீட்டினால் வீலைப் பிடிச்சு வைச்சிருக்கிறது ஸ்குரூவின்ர இறுக்கம் மட்டும்தான். ஏ9 ரோட்டில மாடு குறுக்க வந்து காரை வெட்டித் திருப்பேக்க வீல் அசையக்கூடாது. ரெண்டு அளவுக்கும் துளைச்ச பொஸ் விக்கிறாங்கள், அதை எடுப்பியுங்கோ. ஆனால் எம்.ஜி.பி.க்கு ஆண்டைப் பொறுத்து பொஸ் மாறும், காரின்ர ஆண்டைச் சொல்லாமல் காசு கட்டாதேங்கோ.

மாத்தேக்க:
1. பற்றரி வயரைக் கழட்டி, முன்சில்லை நேராக விடுங்கோ.
2. நடு நட்டை முழுக்கக் கழட்டாமல் ரெண்டு மூண்டு புரியில விட்டுட்டு இழுங்கோ. இல்லாட்டி வீல் சடாரெண்டு வந்து முகத்தில அடிக்கும்.

பூட்டினாப் பிறகு ரெண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, இண்டிகேற்றர் தானா நிக்குதோ, ஹோண் அடிக்குதோ எண்டு பாருங்கோ. மாங்குளம் பக்கத்துக் கிரவல் ரோட்டில கொஞ்சம் ஓடிப்போட்டு ஸ்குரூ ஆறையும் திரும்ப இறுக்குங்கோ.