ட்ரைசூட் ஜிப் மாற்ற வேண்டும்: பித்தளையா, பிளாஸ்டிக்கா?

கேள்வி: புதுச்சேரி தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகின் அடிப்பாகம் பார்க்க இறங்குகிறோம். ட்ரைசூட்டின் (உடம்பில் தண்ணீர் படாமல் காக்கும் முக்குளிப்பு உடை) முதுகு ஜிப் கசிகிறது. கடையில் 'வாட்டர்ப்ரூஃப் ஜிப்' என்று ஒன்று தருகிறார்கள். அதை டெய்லரிடம் கொடுத்து வைக்கலாமா?

வேண்டாம். கடையில் கிடைப்பது ரெயின்கோட்டுக்கும் பைகளுக்கும் போடுகிற ஜிப். சாதாரணச் சுருள் ஜிப்பின் மேல் பாலியூரித்தேன் படலம் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். சாரலைத் தடுக்கும், மூழ்கினால் பல் இடுக்கில் தண்ணீர் வந்துவிடும். பெயரைப் பார்த்தும் ஏமாறலாம்: ஒய்கேகே தயாரிப்பில் அக்வாகார்ட் சாரலுக்கானது, அக்வாசீல்தான் நீரும் காற்றும் புகாதது. நம் கடல் வெதுவெதுப்பானது. துறைமுகத்தில் ட்ரைசூட் போடுவது குளிருக்காக அல்ல, டீசலும் சாக்கடையும் கலந்த தண்ணீர் உடம்பில் படக்கூடாது என்பதற்காக. அங்கே சின்னக் கசிவையும் விட்டுவைக்கக் கூடாது.

உண்மையான ட்ரைசூட் ஜிப் இரண்டு வகை. பித்தளைப் பல் ஜிப்பில், ரப்பர் பூசிய இரண்டு துணி விளிம்புகளைப் பற்கள் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிக்கும். நீரைத் தடுப்பது அந்த விளிம்புதான், பல் அல்ல. ஒரு பல் வளைந்தாலும் ஜிப் போச்சு. டிஸிப் (TIZIP) என்ற பிராண்ட் போன்ற பிளாஸ்டிக் வகையில் பற்கள் அச்சில் வார்த்தவை. எடை குறைவு, உப்புக்காற்றில் பச்சைக் களிம்பு பிடிக்காது. நம் கரைக்கு என் தேர்வு பிளாஸ்டிக்தான். ஆனால் உங்கள் சூட் ரப்பரால் ஆனது, பழைய ஜிப்பும் பித்தளை என்றால் அதே வகையையே போடுங்கள். ஜிப் பட்டையின் (பற்களின் இருபுறமும் உள்ள நாடா) பூச்சுக்கும் சூட்டின் துணிக்கும் ஒரே பசை பிடிக்க வேண்டும். பாலியூரித்தேன் பூசிய பட்டையில் நியோபிரீன் (செயற்கை ரப்பர்) பசை உரிந்துவிடும்.

அளவெடுக்கும்போது பட்டையை அளக்காதீர்கள், பல் வரிசை முனையிலிருந்து முனை வரை அளந்து, அதே நீளம் வாங்குங்கள். சாதாரண ஜிப்பை டெய்லர் வெட்டிக் குறைப்பதுபோல இதை வெட்ட முடியாது. முனையில் நீர் புகாமல் அடைப்பது அங்கே இருக்கும் வார்ப்புதான். அதை வெட்டினால் எல்லாம் வீண். நீளம் குறைந்தால் தோளை நுழைக்கும் இழுப்பில் முனையோரம் கிழியும்.

ஒட்டுவதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. பட்டையையும் துணியையும் மணல்தாளால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, முழுக்கக் காயவிடுங்கள். நியோபிரீன் பசை என்றால் மெல்லிய பூச்சாக இரண்டு முறை. முதல் பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பசையின் கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், ஈரக்காற்று அதன்மேல் பனிபோல் படியும், பசை வெளிறிப் பிடிக்காமல் போகும். அவசரமென்றால் ஏசி அறையில் செய்யுங்கள். தையலும் போட்டே ஆக வேண்டுமானால், ஒட்டிய பிறகு தைத்து, ஊசித் துளைகள் மேல் உள்பக்கம் சீல் டேப் ஒட்டுங்கள். சூட்டை ஒரு நாள் அசைக்காமல் விடுங்கள்.

கழுத்தையும் மணிக்கட்டுகளையும் பாட்டில் சொருகி அடைத்து, சூட்டைக் காற்றால் நிரப்பி, ஜிப் மேல் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் வருகிற இடம்தான் கசிவு. பிளாஸ்டிக் ஜிப்பில் முனையில் மட்டும் குமிழ் வந்தால், ஸ்லைடர் கடைசி வரை உட்காரவில்லை; அது உட்காரும் குழியில் துளி கிரீஸ் வைத்து அழுத்தி இழுத்துப் பாருங்கள். பித்தளைக்கு கிரீஸ் வேண்டாம்: மூடிய நிலையில், வெளிப்பக்கப் பற்கள் மேல் மட்டும் மெழுகு தேயுங்கள். எதற்கும் சிலிகான் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அடுத்த முறை அங்கே எந்தப் பசையும் ஒட்டாது.

ஒவ்வொரு முறை கடலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய டூத்பிரஷால் பல்லிடுக்கு மணலை எடுத்துவிடுங்கள். நிழலில் உலர்த்துங்கள், ஜிப் மடங்காமல் சூட்டைச் சுருட்டுங்கள். முதுகு ஜிப்பை இன்னொருவர்தான் மூட வேண்டும், நேர்க்கோட்டில் இழுத்து.